ஆன்சம்

நியூலின் துறைமுகத்தில் காலை ஐந்தரை.
மண்வெட்டியால் ஐஸ் அள்ளும் சத்தம்.
கோட்டுப் பையில் நூறு வெற்று அட்டைகளோடு நிற்கிறேன்,
அகராதி ஆபீசு அனுப்பிய ஆள்.
ஒரே ஒரு சொல்லைப் பிடித்துவரச் சொல்லியிருந்தார்கள்:
ஹேண்ட்சம்.

லண்டனில் அது சவரம் செய்த தாடை,
அளவெடுத்துத் தைத்த தோள்.
மாப்பிள்ளைக்கும் பொருந்தும், மாளிகைக்கும்.
காசோலையில் வந்தால் கணிசம் என்று அர்த்தம்.
இங்கே, நாடு முடிகிற வால் நுனியில்,
சொல்லின் தலையைக் கிள்ளிக் கடலில் போட்டுவிட்டார்கள்.
ஆன்சம்.

முதல் அட்டை, கானாங்கெளுத்தி.
பெட்டியைக் காலால் தள்ளியபடி ஏலக்காரன் சொன்னது.
அடுத்தது மூடுபனி விலகிய வானம்.
அப்புறம் ஒரு பேஸ்டி, சூடாக.
தின்றவனின் வாய் நிறைந்திருந்ததால்
சொல் பாதிதான் வெளியே வந்தது.
பாதியை எழுதிக்கொண்டேன்.
பழுது பார்த்து உறுமிய டீசல் எஞ்சின்.
ஐந்தாவது, நான்.

"இந்தா என் ஆன்சம்" என்று
கோப்பையை நீட்டினாள் டீக்கடைக்காரி.
நாற்பத்தாறு வயதில்,
இந்த மூக்கையும் வைத்துக்கொண்டு,
முதல் தடவை.
காது மடல் சுட்டது.
எனக்குப் பின்னால் நின்ற பல்லில்லாத படகோட்டிக்கும் அதே.
அவன் நாய்க்கும் அதே.

"சொல்லுக்கு அர்த்தம் எழுதுகிறவன் நீதானா?"
மீன் அறுக்கும் மேசையிலிருந்து
லவ்டே நான்கெர்விஸ்.
ரப்பர் மேலங்கி, முழங்கைவரை செதில்,
கதவை அடைக்கிற தோள்.

"என் வீட்டுக்காரன் ஜாகோ
படகை ஆன்சம் என்பான். வலையைச் சொல்வான்.
ஞாயிற்றுக்கிழமை வறுவலைச் சொல்வான்.
என்னை 'ஏய்' என்பான்.
அதில் எனக்குக் குறையில்லை.

பத்தொன்பது வருடம் முன்னால் ஒரு கோடையில்
படம் வரைகிறவன் ஒருவன் வந்தான், லினன் சட்டை.
என்னைப் பார்த்து நிதானமாக,
அந்த 'ஹ'வை முழுசாக ஊதி,
ஹேண்ட்சமான பெண் என்றான்.
அன்றைக்குப் பூராவும் சந்தோஷமாக இருந்தேன்.
ராத்திரிதான் கண்ணாடியைப் பார்த்தேன்.
அழகி என்று சொல்ல வாய் வராதபோது
சொல்கிற சொல்லா அது?"

என்னிடம் ஏழு பொருள்கள் இருந்தன, எண்ணோடு.
அவள் கேட்டது ஆறாவது:
பெண்ணைக் குறித்து, எடுப்பான, கம்பீரமான;
அரைப்புள்ளிக்கு அப்புறம்
இன்னும் இரண்டு வார்த்தை உண்டு.
அவள் கையில் கத்தி.
முதல் பொருளுக்கு ஓடிப்போனேன்.

"ஆதியில் அதற்கு முகமே கிடையாது" என்றேன்.
"கை மட்டும்தான்.
கைக்கு அடக்கமானது, கைக்கு வாகானது.
கோடரிப் பிடியைச் சொல்லியிருப்பார்கள்.
முகம் பிறகு வந்து ஏறிக்கொண்டது."

ஹேக் மீன் ஒன்றைப் புரட்டிப் போட்டாள்.
செவுளிலிருந்து வால்வரை ஒரே இழுப்பு.
"அப்போ இந்தக் கத்திதான் ஆன்சம்."
"ஆமாம்."
கத்தியைத் திருப்பிக் காட்டினாள்.
மரப்பிடியில், அவள் விரல் போன வழியெல்லாம் பள்ளம்.
வேறு யார் பிடித்தாலும் வழுக்கும்.

சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றது.
"அந்தப் படக்காரனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா?"
"தெரிந்திருக்காது."
"ம்."

அடுத்த மீன். அதற்கடுத்தது.
நான் போய்விட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ,
நிமிராமலே சொன்னாள்:
"எழுது.
லவ்டே நான்கெர்விஸ், வயது ஐம்பத்தொன்று.
என்னைப் பற்றிச் சொன்னது.
நல்லதா கெட்டதா
இன்னும் முடிவு பண்ணவில்லை."

அப்படியே எழுதினேன்.

பென்சான்ஸ் தாண்டி ரயில் கிழக்கே திரும்பியபோது
அட்டைகளை எண் வாரியாக அடுக்கினேன்.
அது ஒன்று மட்டும் காயவில்லை.
மூலையில் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது.
எண் போடும் கட்டத்தில் பேனாவை வைத்து
எடுத்துவிட்டேன்.
எதிர் இருக்கைக்காரர் ஜன்னலைத் திறந்தார்,
மீன் வாடை என்று.